பசித்த தண்ணீர்

ஃபில்டர்காரரின் மனைவி ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், தன் வீட்டின் பின்பக்கத்துச் சிமெண்டுத் தொட்டியில், தண்ணீரில் கரைந்துபோனாள். வழுக்கி விழவில்லை, மூழ்கவில்லை. சர்க்கரை கரைவதுபோலக் கரைந்தாள், அதுவும் கலக்கிவிட ஆளில்லாமலேயே. அவள் போட்டிருந்த பூப்போட்ட நைட்டி மேலே மிதந்தது. அடியில் ஒரு ஜோடித் தோடும், கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்த வெள்ளியும் கிடந்தன. தொட்டியைத் தேய்க்க அவள் எடுத்துப்போன பிரஷ், நாரெல்லாம் போய் வெறும் கட்டையாக ஒரு மூலையில் மிதந்துகொண்டிருந்தது. டாக்டர் வந்து ஸ்டெதாஸ்கோப்பைத் தண்ணீருக்குள் விட்டுக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "ஆள் இருக்காங்க. ஆனா ஒரே இடத்துல இல்ல" என்றார். பிறகு கை கழுவத் தண்ணீர் கேட்டார். கேட்ட பிறகுதான் எந்த வீட்டில் எதைக் கேட்டோம் என்று உறைத்திருக்கிறது; வேண்டாம் என்று சொல்லி, சட்டையிலேயே துடைத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

இது எப்படி நடந்தது என்று புரிய, அந்த ஊர்த் தண்ணீரைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தண்ணீரில் தண்ணீரைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது. துவைத்துக் காயப்போட்ட சட்டை கொடியை விட்டு இறங்கித் தானாகவே நிற்கும். அதற்குள் ஆள் இருப்பதாக நினைத்து வணக்கம் சொன்னவர்கள் உண்டு. வெந்நீர்ப் பாத்திரங்களின் உள்ளே வெள்ளைப் படிவு ஆண்டுக்காண்டு தடித்து, கடைசியில் ஒரு டம்ளர் பிடிக்கும் அளவுக்கு மட்டும் குழி மிஞ்சும். மீசையை நனைத்துவிட்டு வெயிலில் நடந்த ஒரு தபால்காரருக்கு மீசை பாதியில் ஒடிந்து விழுந்தது. அப்படிப்பட்ட ஊரில் வீட்டுக்கு வீடு சுவரில் ஒரு தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் தொங்கியதில் ஆச்சரியம் இல்லை. அத்தனை மெஷின்களுக்கும் பழுது பார்க்க இரண்டே பேர்தான் இருந்தார்கள். ஒருவர் நம் ஃபில்டர்காரர். மற்றவரை ஊர், ஃபில்டருக்குள் மெழுகுவர்த்தி மாதிரி நிற்கும் குழலின் பெயரால், கேண்டில் என்று கூப்பிட்டது. பம்ப் எரிந்தாலும், லைட் எரியாவிட்டாலும், மெஷினுக்குள் பல்லி செத்துக் கிடந்தாலும், "கேண்டில மாத்தணும்மா" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு வார்த்தை வராது.

ஃபில்டர்காரர் தொழிலைக் கரைத்துக் குடித்தவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, சமையலறையில் ஓடும் பம்பின் சத்தத்தைக் கேட்டு, "பஞ்சு அடைச்சுக்கிச்சு, பம்ப் மூச்சு வாங்குது" என்பார். பஞ்சு ஃபில்டர் மண்ணைப் பிடிக்கும், கரி வாடையைப் பிடிக்கும், அதன்பின் இருக்கும் மெம்பரேன் என்ற சுருள்தாள் கண்ணுக்குத் தெரியாத உப்பையெல்லாம் பிடிக்கும். நல்ல தண்ணீர் ஒரு குழாயில் வரும், பிடித்த கசடெல்லாம் கழிவுக் குழாயில் போகும். ஒவ்வொரு வீட்டிலும் வேலையை முடித்துவிட்டு, பாத்திரம் கழுவும் தொட்டியில் தொங்கும் அந்த மெல்லிய கழிவுக் குழாயைத் தூக்கிக் காட்டி, ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "இத தரை தொடைக்க வச்சுக்குங்க, மனுசன் வாயில மட்டும் வச்சுடாதீங்க." நாள் முழுக்க ஊராருக்கு இதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், அவர் வீட்டுக் குழாய் சொட்டிக்கொண்டிருக்கும். மனைவி திட்டமாட்டாள். தொண்டையைச் செருமி ஒரு சின்ன இருமல் இருமுவாள், அவ்வளவுதான். எங்கே சொட்டுகிறது என்று கேட்காமல் அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். அந்த இருமலுக்கு ஜலதோஷத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது அவர்களுடைய சின்ன மகளுக்குக்கூடத் தெரியும்.

வினை ஒரு டீக்கடையில் ஆரம்பித்தது. உப்புப் பெறாத விஷயம். தண்ணீரில் என்ன கரைந்திருந்தாலும் அதை எண்ணாகக் காட்டும் பேனா மாதிரி ஒரு மீட்டர் இருவர் பையிலும் இருக்கும். கேண்டில் தன் மீட்டரை ஃபில்டர்காரரின் டீயில் விட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நீ பெரிய கைகாரன்னு ஊரே சொல்லுது. எந்த வீட்டுலயாவது மீட்டர முப்பதுக்குக் கீழ இறக்கியிருக்கியாய்யா?" கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஃபில்டர்காரருக்கு மண்டைக்கனம் கிடையாது என்று சொல்வதற்கில்லை. "அடுத்த வாரம் என் வீட்டுக்கு வா. பூஜ்யம் காட்டுறேன்" என்றார். "பூஜ்யமா? பூஜ்யம்னா தண்ணியே இல்லன்னு அர்த்தம்யா" என்றார் கேண்டில். கடை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புதான் ஃபில்டர்காரரைக் கொண்டுபோய்த் தள்ளியது.

அவர் மெம்பரேன்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தார். அவற்றின் பின்னால், மிச்சமிருக்கும் உப்பையும் உறிஞ்சிக்கொள்ள, ஆளுயரப் பிசின் குழாய் ஒன்றை நட்டார். பம்ப் இரவும் பகலும் முனகியது. தொட்டி நிறைந்தபோது மீட்டர் பூஜ்யம் காட்டியது. அந்தத் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. தொட்டி காலியென்று நினைத்துக் காகம் ஒன்று உள்ளே இறங்கி உட்காரப் போய், இறகில்லாமல் மேலே வந்தது. எதுவுமே கரைந்திராத தண்ணீருக்கு எதையாவது கரைத்துக்கொள்ளாமல் இருப்பு கொள்ளாது. அது தொழிலில் உள்ள எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் கடைசியில் ஒரு மினரல் காட்ரிட்ஜைப் போட்டு, எடுத்த உப்பில் ஒரு சிட்டிகையைத் தண்ணீருக்குத் திருப்பித் தருவார்கள், அழுகிற குழந்தைக்கு வாயில் எதையாவது வைப்பதுபோல. ஃபில்டர்காரரும் எந்த வீட்டிலும் அதை மறந்ததில்லை. தன் வீட்டில் மறக்கவில்லை, வேண்டுமென்றே கழற்றி அலமாரியில் வைத்தார். காட்ரிட்ஜ் இருந்தால் மீட்டர் பூஜ்யம் காட்டாது. கேண்டில் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

"இங்க பாருங்க, இந்தத் தண்ணி என்னையே பாக்குது" என்றாள் மனைவி. முந்தின நாள் அதில் போட்ட கரண்டியை எடுத்தபோது, சாப்பிடுகிற பக்கம் காகிதம்போல மெலிந்திருந்தது. "தண்ணிக்குக் கண்ணிருக்கா என்ன?" என்றார் அவர். "கண்ணு இருக்கோ இல்லையோ, வயிறு இருக்கு" என்றாள். மறுநாள் காலை அவர் யாரோ ஒருவர் வீட்டு மெஷினைப் பார்க்கப் போய்விட்டார். தொட்டியின் விளிம்பில், தண்ணீர் எட்டாத இடத்தில், ஒரு விரல் அகலத்துக்குப் பச்சைப்பாசி இருந்தது. பந்தயம் பார்க்கக் கேண்டில் வரப்போகிறார். நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வருவார். நம் வீட்டுத் தொட்டியில் பாசி இருந்தது என்று நாளைக்கு டீக்கடையில் பேசுவார்களே என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. கரண்டி ஞாபகம் இருந்தும், வெளியே நின்றால் கை எட்டாததால், தேய்க்கும் பிரஷை எடுத்துக்கொண்டு வழக்கம்போலத் தொட்டிக்குள் இறங்கினாள். கணவனுக்குத் தலைகுனிவு வந்துவிடக் கூடாதே என்றுதான் இறங்கினாள் என்பதை ஊரில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

பந்தயத்துக்கு வந்த கேண்டில்தான் மீட்டரை விட்டுப் பார்த்தார். நானூற்றுப் பத்து காட்டியது. ஜெயித்தவர் அவர்தான், ஆனால் அதற்குப் பிறகு அந்த டீக்கடைப் பக்கம் அவர் தலை தெரியவில்லை. ஊர் ஒரு வாரம் பேசியது. பிறகு சிமெண்டு விலை ஏறியதைப் பற்றிப் பேச ஆரம்பித்தது.

கரைந்தவள் போய்விடவில்லை என்பது சீக்கிரமே தெரிந்தது. குழாயைத் திறந்தால், தண்ணீர் வருவதற்கு முன்னால் ஒரு சின்ன இருமல் வரும். குளிர்காலத்து விடியற்காலையில் தொட்டித் தண்ணீர் யாரும் காய்ச்சாமலே வெதுவெதுப்பாக இருக்கும். ஃபில்டர்காரர் சொல்லாமல் கொள்ளாமல் தாமதமாக வந்தால், குழாயில் வேகம் இருக்காது. கால் கழுவ அரைமணி நேரம் ஆகும். அந்தத் தண்ணீரை ஒரு வாய் குடித்தால் தொலைந்துபோன திருகாணி எந்த டப்பாவில் இருக்கிறது என்று உடனே ஞாபகம் வரும். அவருக்குத் துக்கம் தீர்ந்தமாதிரி இருந்தது. ஒரு வாளி எடுத்துத் தரை துடைத்து, அதை வாசலில் கொட்டப்போன நொடியில்தான் நெஞ்சில் இடி விழுந்தது: வாளி வாளியாக அவள் தீர்ந்துகொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே போகவில்லை. குளித்த தண்ணீர், துவைத்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் குழாய் குழாயாக மணல்குழிக்கு வந்து தெளிந்து, மறுபடி தொட்டிக்கே போயின. கக்கூசுக்கு மட்டும் தெருமுனை அடிபம்பிலிருந்து வாளியில் கொண்டுவந்தார். தொட்டியின்மேல் கண்ணாடி மூடி போட்டு, ஆவியாகப் போவதையும் சொட்டவைத்துத் திரும்பப் பிடித்தார். மகள் அம்மாவை நினைத்து அறையில் அழுதால், வாசலில் நின்றுகொண்டு, "அழறதுன்னா தொட்டிப் பக்கம் வந்து அழும்மா" என்பார். எவ்வளவு பிடித்தாலும் கொஞ்சம் குறையத்தான் செய்தது. குறைந்ததை ஊர்த் தண்ணீரை ஊற்றி நிரப்பினார். ஊர்த் தண்ணீரின் உப்பு போவதற்கு வழியில்லாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றித் தங்கியது. ஃபில்டர் மட்டும் போடவில்லை. எந்த ஃபில்டராக இருந்தாலும் அவளைப் பிடித்துச் சாக்கடையில் தள்ளிவிடும். ஊரிலேயே மோசமான தண்ணீர் ஃபில்டர்காரர் வீட்டுத் தண்ணீர் என்று ஆயிற்று. வருடங்கள் போயின. தொட்டியில் தண்ணீர் கஞ்சி மாதிரி கனத்தது. மீட்டரை விட்டால் எண் காட்டாமல் கண்ணை மூடிக்கொள்ளும்.

மகள் மருந்துக்கடையில் வேலைக்குப் போனாள், பஸ் ஓட்டுகிற ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை வீட்டோடு வந்து தங்கினார். நல்ல மனிதர், மாமனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார், ஆனால் குடிக்கத் தண்ணீரைப் பஸ் டெப்போவிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்துவிடுவார். "மாமியார குடிக்கிற அளவுக்கு இன்னும் பழகலங்க" என்று ஒருமுறை சொன்னதோடு சரி. மகள் மட்டும் தொட்டித் தண்ணீரையே குடித்தாள். சின்ன வயதிலிருந்து அது ஒன்றுதான் அவளுக்கு அம்மா. அவள் முழுகாமல் இருந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். டாக்டர் சிறுநீரில் வந்த முதல் கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஃபில்டர்காரரின் உள்ளங்கையில் வைத்தார். அது கல்லாக இல்லை, பல்லாக இருந்தது. கடைவாய்ப் பல், நடுவில் வெள்ளி உதிர்ந்த குழி உட்பட. அடுத்தது சுண்டுவிரல் நகத்தின் வடிவத்தில் வந்தது. "உங்க சம்சாரம் உங்க மக சிறுநீரகத்துல ஒண்ணு சேந்துக்கிட்டிருக்காங்க" என்றார் டாக்டர். "குழந்த பொறக்கற வரைக்கும் இந்தத் தண்ணியவே குடிச்சா ரெண்டு பேரும் இல்ல. அப்புறம் நீங்க என்னைக் கூப்பிட வேண்டியதில்ல, கொத்தனாரக் கூப்பிடுங்க."

அப்போதும் ஃபில்டர்காரர் தொட்டிக்கு ஃபில்டர் போடவில்லை. மகளுக்கு மாப்பிள்ளையின் பாட்டில் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு, அதில் யாரும் இல்லை என்று துப்பிவிட்டாள். தொட்டியிலிருந்து வந்தால்தான் தொண்டையில் இறங்கியது. கட்டிலில் படுத்தபடியே ஒருநாள் அவள் கேட்டாள்: "அப்பா, அம்மாவ குடிச்சுக் குடிச்சு நான் சாகணுமா?" அவர் எழுந்து பின்பக்கம் போனார். திரும்பி வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த மகளைப் பார்த்தார். மறுபடி பின்பக்கம் போனார். ஒன்றை ஒன்று தின்னும் இரண்டு வீடுகளுக்கு நடுவில் நடப்பவர்போலப் பொழுது சாயும்வரை நடந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, இத்தனை வருடம் முகத்தில் விழிக்காத கேண்டிலின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஒரு மெஷின் மாட்டணும். தனியா என்னால ஆகாது. நீ பிடிச்சுக்க."

கேண்டில் உடனே எழுந்தார். பையை எடுத்துக்கொண்டு வந்தார். தொட்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "அக்கா, தப்பு என் வாய்மேல. இந்த வேலைக்கு மட்டும் கோவிச்சுக்காதீங்க" என்றார். ஃபில்டர்காரர் வாழ்நாளில் மாட்டிய மெஷின்களிலேயே நேர்த்தியானது அதுதான் என்று ஊரில் சொல்வார்கள். ஒவ்வொரு மூட்டுக்கும் வெள்ளை டேப்பைச் சுற்றினார். அலமாரியில் தூசி படிந்து கிடந்த பழைய மினரல் காட்ரிட்ஜைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதியதை, குழந்தைக்குச் சட்டை மாட்டுவதுபோல இரண்டு கையாலும் மாட்டினார். கடைசியில் கழிவுக் குழாயின் மூட்டை முடுக்கும்போது கை நின்றுவிட்டது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. மூட்டில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. அவர் ஸ்பேனரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

தொட்டிக்குள்ளிருந்து ஒரு சின்ன இருமல் கேட்டது.

கேண்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஃபில்டர்காரர் மூட்டை முடுக்கினார், சொட்டு நின்றது. அந்த இருமலைச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். வெறும் பழக்கம் என்று மகள் எடுத்துக்கொண்டாள். எதுவானாலும் அன்று மாலையே அவள் சுத்தமான ஒரு டம்ளர் தண்ணீரைத் துப்பாமல் குடித்தாள். தொட்டியிலிருந்து வந்தது என்பதற்காகவோ என்னவோ, தொண்டை ஒத்துக்கொண்டது. "கழிவ எங்கய்யா விடப்போற? சாக்கடைக்கா?" என்று கேண்டில் மெதுவாகக் கேட்டார். "அது என் பாடு" என்றார் ஃபில்டர்காரர். மெல்லிய அந்தக் குழாயைச் சுவரோரமாக ஆணியடித்து இழுத்து, ஜன்னல் வழியாகத் தன் கட்டில் தலைமாட்டுக்குக் கொண்டுபோய், ஒரு பித்தளைப் பாத்திரத்தில் விட்டார்.

ஊராரின் வாயில் வைக்கக் கூடாது என்று அத்தனை சமையலறைகளில் சொன்ன தண்ணீரை அவர் அன்றிலிருந்து குடித்தார். அதைத் தவிர வேறு எதையும் குடிக்கவில்லை. மகள் பாத்திரத்தைத் தூக்கி வீசப்போனாள். "உங்களுக்கென்ன கிறுக்காப்பா?" என்று கத்தினாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நீ உன் தண்ணியக் குடி. நான் என் தண்ணியக் குடிக்கிறேன். கொட்டறதுக்கா இத்தன வருசம் பிடிச்சு வச்சேன்?" என்றார். பிடித்த இடத்தில் அவள் கையில் வெள்ளையாக ஐந்து விரல்களும் பதிந்திருந்தன.

குழந்தை பிறந்தது, பெண். மகளுக்கு அதன்பின் கல் வரவில்லை. ஃபில்டர்காரருக்கு முதலில் நகங்கள் வெளுத்தன. பிறகு தாடி மொறுமொறுப்பானது. சவரம் செய்ய வந்தவர் இரண்டு பிளேடு உடைத்துவிட்டு, தன் தொழில் இது இல்லை என்று கல் உடைக்கிறவரைக் கைகாட்டினார். முழங்கை மடங்கும்போது மண்சட்டி உரசுகிற சத்தம் கேட்டது. வலிக்கிறதா என்று கேட்டால், "கூட்டம் ஜாஸ்தியா இருக்கு, அவ்வளவுதான்" என்பார். நடக்க முடியாமல் போனதும் மாப்பிள்ளையும் கேண்டிலும் நாலு பேரைக் கூட்டிவந்து, பெஞ்சோடு அவரைத் தூக்கித் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். இரண்டு ஆள் கனம் இருந்தது என்று தூக்கியவர்கள் இடுப்பைத் தடவிக்கொண்டே சொன்னார்கள். கழிவுக் குழாயை நேராக அவர் வாயோரமாகவே மாற்றிவிட்டார்கள். ஒருநாள் கேண்டில் மீட்டரைக் கழிவுத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். சாதாரண ஊர்த் தண்ணீரின் எண்தான் காட்டியது. தொட்டித் தண்ணீர் அன்று வெதுவெதுப்பாக இல்லை, குழாயில் இருமலும் வரவில்லை. ஃபில்டர்காரர், ஸ்பேனரைப் பிடித்த கை மடியிலிருக்க, தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்து, அடி முதல் நுனிவரை வெள்ளைக் கல்லாக உட்கார்ந்திருந்தார். உள்ளே யாருக்கோ காது கொடுத்துக் கேட்கிற முகம்.

டாக்டர் வந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். இந்த முறை கை கழுவத் தண்ணீர் வாங்கிக்கொண்டார். மகள் மெஷினிலிருந்து பிடித்துக் கொடுத்தாள். புதைப்பதா எரிப்பதா என்று யோசித்தார்கள். எரிக்க முடியாது, சுண்ணாம்பாகிவிடும் என்றார்கள். புதைக்கலாம், ஆனால் மழைக்காலத்தில் ஊர்த் தண்ணீர் முழுக்க மறுபடி இருவரும் கரைந்துவிடுவார்கள், ஊருக்கே சொந்தமாகிவிடுவார்கள் என்றார் கேண்டில். அதனால் இருந்த இடத்திலேயே விட்டு, நனையாமல் இருக்கத் தலைக்கு மேல் ஒரு தகரக் கூரை போட்டார்கள். இப்போது அந்த வீட்டில் கொடி கட்டுவதற்கு ஒரு முனை அவர் தோள்தான். கேண்டிலுக்கு வயதாகிவிட்டது, மெஷினைப் பார்க்கிற சாக்கில் வருவார், கேண்டில மாத்தணும் என்பார், பெஞ்சின் மிச்ச இடத்தில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவார். பேத்தி துறுதுறுப்பானவள், கை கழுவினால் குழாயைச் சரியாக மூடமாட்டாள். சொட்டு விழ ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், தகரக் கூரையின் அடியிலிருந்து, கல்லுக்குள்ளிருந்து, ஒரு சின்ன இருமல் கேட்கும். அது பெண்குரல். வீட்டில் யாரும் திடுக்கிடுவதில்லை. கைவேலையை வைத்துவிட்டு யாராவது ஒருவர் எழுந்துபோய்க் குழாயை மூடிவிட்டு வருகிறார்கள்.